உரசுவது கீழே, பழுது மேலே: மடக்குக் கதவுகளை வீட்டிலேயே சீர்செய்யும் முறை

நகரத்துச் சிறிய அடுக்குமாடி வீடுகளில் குளியலறைக் கதவை முழுவதும் திறந்தால் அது கழிப்பறைப் பீங்கானிலோ துணி துவைக்கும் இயந்திரத்திலோ முட்டிக்கொள்ளும். இந்தத் தொல்லையைத் தவிர்ப்பதற்காகவே பலரும் பிவிசி மடக்குக் கதவை மாட்டுகிறார்கள். மரக் கதவின் அடிப்பகுதியைப் போல ஈரத்தில் இற்றுப்போகாது, விலையும் குறைவு என்பதால் வாடகைக்கு விடும் வீடுகளில் இக்கதவு ஏறத்தாழ நிரந்தர இடம் பிடித்துவிட்டது. ஆனால் மாட்டிய ஓராண்டுக்குள் இழுத்தால் வராமல் அடம்பிடிப்பது, தரையில் உரசுவது, கொண்டி விழாமல் நழுவுவது, பட்டைகள் ஒன்றிலிருந்து ஒன்று கழன்று தொங்குவது என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டத் தொடங்கும். இவற்றில் பெரும்பாலானவற்றை ஒரு திருப்புளி, ஒரு துணி, அரை நாள் பொறுமை ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே சரிசெய்துவிட முடியும்.

எந்த மடக்குக் கதவாக இருந்தாலும், திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன் அதன் எடையை எது தாங்குகிறது என்ற ஒரே ஒரு கேள்விக்கு விடை கண்டுகொள்ள வேண்டும். பிவிசி கதவின் முழு எடையும் மேலே உள்ள சேனலில், அதாவது ரோலர்கள் எனப்படும் சிறு சக்கரங்கள் ஓடும் பள்ளப் பட்டையில் தொங்குகிறது. கீழே அதற்குப் பிடிமானம் எதுவும் இல்லை. அலமாரிகளில் வரும் இரட்டை மடிப்பு மரக் கதவின் எடை, சுவரோரக் கீழ் மூலையில் உள்ள ஒரு முளையின்மேல் நிற்கிறது; மேலே உள்ள சேனல் வழிகாட்ட மட்டுமே செய்கிறது. வாசலில் போடும் இரும்பு மடக்கு கேட் பெரும்பாலும் தரையில் பதித்த தண்டவாளத்தின்மேல் உருளைகளால் ஓடுகிறது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், தரையில் உரசுகிறதே என்று பிவிசி கதவின் அடியை அறுத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து அது மறுபடியும் உரசத் தொடங்கும்போது விழிப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். நானும் ஒருமுறை அப்படி அறுத்துத்தான் பாடம் கற்றேன்: உரசியது கீழே என்றாலும், தளர்ந்திருந்தது மேலே இருந்த இரண்டு திருகாணிகள்.

பிவிசி கதவு: முதலில் பார்க்க வேண்டியவை

கதவைப் பாதி மடித்த நிலையில் நிறுத்தி, ஒரு முக்காலியின்மேல் ஏறி, மேல் சேனலைக் கைவிளக்கு வெளிச்சத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பாருங்கள். சேனலுக்கும் அதற்கு மேலுள்ள நிலைச்சட்டத்துக்கும் அல்லது லிண்டலுக்கும் (வாசலுக்கு மேலுள்ள கான்கிரீட் விட்டம்) இடையில் எங்காவது மெல்லிய இடைவெளி தெரிந்தால் அந்த இடத்துத் திருகாணி தளர்ந்திருக்கிறது என்று பொருள். பிறகு கதவை மெல்ல இழுத்து, ஒவ்வொரு ரோலரும் சேனலுக்குள் உருள்கிறதா, உருளாமல் இழுபடுகிறதா, ஏதேனும் ஒன்று வெளியே வந்து சாய்ந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக, சேனலின் அடியில் ரசமட்டத்தை ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். ரசமட்டம் இல்லாதவர்கள் சேனலின் இரு முனைகளிலிருந்தும் தரை வரை டேப்பால் அளந்து பார்ப்பார்கள்; ஆனால் குளியலறையை ஒட்டிய தரை தண்ணீர் வடிவதற்காகச் சாய்வாகப் போடப்பட்டிருக்கும் என்பதால் அந்த அளவை நம்பிச் சேனலைக் கோணலாக்கிவிடக் கூடாது.

இழுத்தால் வராத கதவு

சேனலுக்குள் தூசி, ஒட்டடை, சமையலறை ஓரமாக இருந்தால் எண்ணெய்ப் பிசுக்கு, குளியலறையாக இருந்தால் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் வெள்ளை உப்பு ஆகியவை சேர்ந்து ரோலரைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. சுழலாத நைலான் சக்கரம் ஒரே இடத்தில் தேய்ந்து தட்டையாகிவிடும். தட்டையான சக்கரத்தை எவ்வளவு சுத்தம் செய்தாலும் அது உருளாது. ஆகவே விறைப்பு தொடங்கிய உடனே கவனிப்பது நல்லது.

ஈரத் துணியை ஒரு குச்சியில் சுற்றிச் சேனலின் உட்புறத்தை முழு நீளமும் துடைக்க வேண்டும். மூலைகளில் தங்கிய அழுக்குக்குப் பழைய பல்துலக்கி போதும். உப்புப் படிவு கல்லாக இறுகியிருந்தால், வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ நனைத்த துணியைக் கால் மணி நேரம் அதன்மேல் வைத்திருந்து பிறகு தேய்த்தால் அது கரைந்து வரும். அலுமினியச் சேனலாக இருந்தால் அதற்குப் பிறகு நல்ல தண்ணீரால் துடைத்து உலர்த்திவிட வேண்டும். இந்த வேலைக்குக் கழிப்பறை கழுவும் அமிலத்தைப் பயன்படுத்துவோர் உண்டு. அது அலுமினியத்தையும் திருகாணிகளையும் அரித்துவிடும். அதைப் பிளீச்சிங் பவுடர்க் கரைசலுடன் ஒருபோதும் சேர்க்கக் கூடாது, ஏனெனில் இரண்டும் கலந்தால் நச்சு மிக்க குளோரின் வாயு வெளிப்படும்.

சுத்தம் செய்த பிறகு மசகு போட வேண்டும். நம் வீடுகளில் சத்தம் போடும் எதற்கும் முதல் மருந்து தேங்காய் எண்ணெய்தான். கீலுக்கு அது ஒரு வாரம் உதவும், ஆனால் திறந்த சேனலில் அது தூசியைப் பிடித்துக் களிம்பாக மாற்றி, முன்பிருந்ததைவிட மோசமான விறைப்பை உண்டாக்கிவிடும். வண்டிக்குப் போடும் கிரீஸின் கதையும் அதுவே. ஹார்டுவேர்ஸ் கடைகளிலும் வாகன உதிரிபாகக் கடைகளிலும் கிடைக்கும் சிலிகான் ஸ்பிரேயே பிவிசிக்கும் நைலானுக்கும் ஏற்றது. அதைச் சேனலுக்குள் மெல்லியதாக அடித்துக் கதவைப் பத்துமுறை இழுத்து மூடினால் சீராகப் பரவும். அடிக்கும் முன் தரையில் செய்தித்தாளை விரித்துக்கொள்ளுங்கள். சிலிகான் துளி சிந்திய டைல்ஸ் தரையில் கால் வைத்தால் வழுக்கும், அதிலும் குளியலறை வாசலில் முதியவர் கால் வைக்கும் இடத்தில் அது சிந்தினால் கதவைச் சரிசெய்த பயன் போய்விடும். ஸ்பிரே கிடைக்காவிட்டால் வெள்ளை மெழுகுவத்தியைச் சேனலின் உட்புற விளிம்புகளில் அழுத்தித் தேய்த்துவிடலாம்; மெழுகு உலர்ந்த பொருள் என்பதால் தூசியை அவ்வளவாக ஈர்க்காது.

தரையில் உரசும் கதவு

முன்பே சொன்னபடி, நேற்று வரை உரசாமல் இருந்த கதவு இன்று உரசுகிறது என்றால் சேனல்தான் இறங்கியிருக்கும். கைப்பிடி இருக்கும் பக்கம் மட்டும் உரசினால் அந்தப் பக்கத்துத் திருகாணிகளையும், மடிந்து ஒதுங்கும் பக்கம் உரசினால் அந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். கதவு நாளின் பெரும்பகுதி திறந்தே கிடக்கும் வீடுகளில் எல்லாப் பட்டைகளின் எடையும் ஒரே மூலையில் குவிந்து நிற்பதால், ஒதுங்கும் பக்கத்துத் திருகாணிகளே முதலில் தளர்கின்றன.

வெறுமனே தளர்ந்த திருகாணியை முறுக்கினால் போதும். முறுக்கிக்கொண்டே இருந்தும் பிடிக்காமல் சுழன்றால் துளை பெரிதாகிவிட்டது என்று பொருள். மர நிலையாக இருந்தால், மூங்கில் குச்சியையோ மருந்து நீக்கிய தீக்குச்சிகளையோ மரப் பசையில் தோய்த்துத் துளைக்குள் இறுக்கி அடைத்து, ஓர் இரவு காயவிட்டு, மறுநாள் அதன் நடுவில் திருகாணியை ஏற்றினால் புது மரத்தில் ஏறியதுபோலப் பிடிக்கும். கான்கிரீட் லிண்டலாக இருந்தால் துளைக்குள் திருகாணியைப் பிடித்து நிறுத்தும் பழைய ராவல் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு படி பெரிய பிளக்கும் அதற்கேற்ற நீளமான திருகாணியும் போட வேண்டும், 6 மி.மீ. துளை தேய்ந்திருந்தால் 8 மி.மீ. துளையிட்டுக்கொள்ளலாம். குளியலறைக்கு எஃகுத் திருகாணியை வாங்கும்போது துருப்பிடிக்காத 304 வகையைக் கேட்டு வாங்குங்கள். சாதாரணத் திருகாணிக்கும் அதற்கும் உள்ள விலை வேறுபாடு சில ரூபாய்கள்தான், ஆனால் சாதாரணத் திருகாணி ஈரத்தில் தலை அரிக்கப்பட்டு, கழற்றவும் முடியாமல் முறுக்கவும் முடியாமல் நின்றுவிடும்.

புதிதாகத் துளையிட வேண்டியிருந்தால் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. குளியலறை வாசலை ஒட்டிச் சுவிட்சுப் பெட்டி இருப்பது வழக்கம். அதிலிருந்து மின்கம்பிக் குழாய் சுவருக்குள் நேர் மேலே செல்லும் என்பதால் அந்தக் கோட்டில் துளையிடவே கூடாது. இரண்டாவது, கழிப்பறைகளுக்கு இப்போது கிரானைட் நிலை வைப்பது பரவலாகிவிட்டது. கிரானைட்டின் ஓரத்தில் சுத்தியல் அதிர்வுடன் டிரில் செய்தால் சில்லு பெயர்ந்துவிடும். அந்த வேலையை அதற்குரிய பிட் வைத்திருப்பவரிடம் விட்டுவிடுவதே சிக்கனம்.

சேனல் இம்மியும் அசையவில்லை, ஆனாலும் கதவு உரசுகிறது என்றால் தரை உயர்ந்திருக்கிறதா என்று நினைத்துப் பாருங்கள். பழைய டைல்ஸைப் பெயர்க்காமல் அதன்மேலேயே புது டைல்ஸ் ஒட்டிய வீடுகளில் இது நடக்கும். அப்போது மட்டுமே கதவை அறுக்க வேண்டும். சேனலின் அடியிலிருந்து தரை வரை இடம், நடு, வலம் என மூன்று இடங்களில் அளந்து, அவற்றுள் மிகக் குறைந்த அளவையே கணக்கில் கொண்டு, கதவின் அடிக்கும் தரைக்கும் இடையே ஏறத்தாழ 10 மி.மீ. இடைவெளி நிற்கும்படி அறுவைக் கோட்டைக் குறிக்க வேண்டும். அவ்வளவு இடைவெளி எதற்கு என்று தோன்றலாம். பிவிசி வெப்பத்தில் குறிப்பிடத்தக்க அளவு நீளும் பொருள், 2 மீட்டர் உயரப் பட்டை ஒன்று 20 டிகிரி வெப்ப ஏற்றத்தில் 2 முதல் 3 மி.மீ. வரை நீள்கிறது. மார்கழிக் காலையில் மயிரிழை இடைவெளி வைத்து மாட்டிய பால்கனிக் கதவு சித்திரை மதியத்தில் உரசுவதன் காரணம் இதுதான். ரோலர்கள் மேல்முனையில் இருப்பதால் எப்போதும் அடியையே அறுக்க வேண்டும். கதவைக் கழற்றித் தரையில் படுக்கவைத்து, முழுவதும் மடித்துக் கயிற்றால் கட்டி, அறுக்கும் கோட்டைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டி, நுண்பல் ஆக்சா பிளேடால் அவசரமின்றி அறுத்தால் விளிம்பு சிதறாது. பிசிறை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். அறுபட்ட பிவிசி விளிம்பு வெறுங்காலைக் கீறும்.

ரோலர் கழன்றால், உடைந்தால்

சேனலின் இரு முனைகளில் ஒன்று திறந்திருக்கும், அல்லது ஒரு சிறு மூடியால் அடைக்கப்பட்டிருக்கும். மூடியைக் கழற்றி, ரோலர்களை ஒவ்வொன்றாக அந்த வழியாக வெளியே இழுத்துக் கதவை இறக்கலாம். முனை சுவரோடு ஒட்டியிருந்தால் வழி இல்லை. சேனலின் திருகாணிகளைக் கழற்றிச் சேனலோடு சேர்த்தே இறக்க வேண்டும். ஒருவர் கதவைத் தாங்க, மற்றவர் கழற்றுவது நல்லது. கதவு கனமில்லை என்றாலும் அது எல்லாத் திசையிலும் மடிந்து கையை மீறும். இறக்கும் முன் மேல்பகுதியைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எந்தப் பட்டையில் ரோலர் இருந்தது என்பது பிறகு நினைவிருக்காது.

பெரும்பாலான கதவுகளில் ரோலர் ஒவ்வொரு பட்டையிலும் இராது. ஒன்றுவிட்டு ஒன்றில், அல்லது மடிப்புகளில் மட்டும் இருக்கும். உடைந்த ஒன்றைக் கழற்றி அதையே கடைக்குக் கொண்டுபோய்க் காட்டி வாங்க வேண்டும், ஏனெனில் சக்கரத்தின் அகலமும் தண்டின் நீளமும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், ஒரு மி.மீ. பெரிய சக்கரம்கூடச் சேனலுக்குள் நுழையாது. ஒன்று உடைந்தபோது மற்றவையும் அதே வயதில்தான் இருக்கின்றன என்பதை மனத்தில் வைத்து, இரண்டு மூன்றைக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஒரே மாதிரி கிடைக்கவில்லை என்றால், சேனலையும் ரோலர்களையும் தொகுப்பாக மாற்றிவிட்டுப் பட்டைகளை மட்டும் பழையபடி பயன்படுத்துவது, புதுக் கதவு வாங்குவதைவிட மலிவு.

பட்டைகள் பிரிந்து தொங்கும்போது

பட்டைகள் இணைக்கப்பட்டிருக்கும் விதத்தைப் பொறுத்தே மருந்து அமையும். ஒரு வகையில், ஒவ்வொரு பட்டையின் விளிம்பும் கொக்கி போல வளைந்து அடுத்த பட்டையின் விளிம்புக்குள் கோத்துக்கொண்டிருக்கும். இது கழன்றால் பக்கவாட்டில் அழுத்தி மாட்ட முயலாதீர்கள், விளிம்பு விரிசல் விடும். கதவை இறக்கித் தரையில் விரித்து, பிரிந்த இரு பட்டைகளின் முனைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக நேராக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீளவாக்கில் நழுவவிட்டுக் கோக்க வேண்டும். கொக்கி விளிம்பு விரிந்துபோயிருந்தால், தலைமுடி உலர்த்தும் கருவியின் வெப்பக் காற்றைச் சிறிது நேரம் காட்டி, பிவிசி இளகியதும் துணியால் பிடித்து உள்நோக்கி அழுத்தி, ஆறும் வரை விடாமல் பிடித்திருக்க வேண்டும். மெழுகுவத்திச் சுடரையோ அடுப்பையோ காட்டவே கூடாது; பிவிசி கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் எரிச்சலூட்டும் வாயு வெளிவரும்.

இன்னொரு வகையில், கெட்டியான பட்டைகளுக்கு இடையே மென்மையான பிவிசி வார் ஒன்று மடிப்பாகச் சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கும். இந்த வாரில் உள்ள மென்மையூட்டும் பொருள் காலப்போக்கில் கசிந்து வெளியேறுவதாலும், வெயிலின் புற ஊதாக் கதிர் படுவதாலும் அது விறைத்து, மடிக்கும் இடத்தில் நீளமாகக் கிழியும். குழாய் ஒட்டும் சொல்யூஷனைத் தடவிப் பார்ப்பவர்கள் உண்டு. கெட்டிப் பட்டையில் விழுந்த விரிசலுக்கு அது நன்றாகவே பிடிக்கும்; ஆனால் நாள்தோறும் மடிய வேண்டிய வாரில் பிடிக்காது, நொடியில் ஒட்டும் பசையும் முதல் மடிப்பிலேயே நொறுங்கிவிடும். அங்கே வளையும் பொருளால்தான் ஒட்டுப்போட வேண்டும்: துணி பதித்த ஒட்டுநாடாவை இருபுறமும் ஒட்டுவது சில மாதங்களுக்கு உதவும், இன்னும் உறுதி வேண்டும் என்றால் இரண்டு அங்குல அகல ரெக்சின் துண்டை வெட்டி, இரு பட்டைகளின்மேலும் படியவைத்து, வாஷருடன் சிறு ரிவெட்டுகளை அரை அடிக்கு ஒன்றாக அடிக்கலாம். பார்வைக்கு அழகாக இராது, ஆனால் சமையலறைச் சாமான் அறைக்கு யார் அழகு பார்க்கப் போகிறார்கள்?

இந்தக் கிழிசல் விரைவில் வருவதற்கு, மாட்டும்போதே நேரும் ஒரு பிழையும் காரணமாகிறது. மூடிய நிலையிலும் கதவு சிறிது மடிப்போடு, மெல்லிய அலைபோல நிற்க வேண்டும். வாசலின் அகலத்துக்குக் கதவு போதாமல் அதைத் தட்டையாக இழுத்து மூடும் வீடுகளில் ஒவ்வொரு வாரும் எந்நேரமும் இழுவிசையில் இருக்கிறது. அந்தக் கதவு எவ்வளவு நல்ல தயாரிப்பாக இருந்தாலும் ஈராண்டு தாங்குவது அரிது. கோத்து மாட்டும் வகையாக இருந்தால் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்ப்பதே தீர்வு. கூடுதல் பட்டை கிடைக்காவிட்டால், கொண்டி விழும் சுவர்ப் பட்டைக்குப் பின்னால் ஒரு பிவிசி சட்டத்தை வைத்து வாசலைச் சற்றுக் குறுக்கிவிடலாம்.

விழாத கொண்டி

கைப்பிடிப் பட்டையில் உள்ள கொக்கி, சுவரில் பதித்த பட்டையின் துளைக்குள் விழ வேண்டும். எங்கே தவறுகிறது என்று கண்ணால் பார்ப்பது கடினம். கொக்கியின் நுனியில் சிறிது குங்குமத்தைக் குழைத்துத் தடவிக் கதவை மூடித் திறந்தால், அது எங்கே முட்டுகிறது என்பது சுவர்ப் பட்டையில் பதிந்துவிடும். அடையாளம் துளைக்குக் கீழே விழுந்தால் கதவு இறங்கியிருக்கிறது. முதலில் மேல் சேனலைச் சரிசெய்த பிறகே கொண்டியைத் தொட வேண்டும். அடையாளம் பக்கவாட்டில் விலகினால் சுவர்ப் பட்டையின் திருகாணிகளைத் தளர்த்தி நகர்த்தலாம். மேலே ஒட்டிக்கொண்டு கீழே இடைவெளி விட்டு மூடுகிறது என்றால், சுவர் தூக்குக் குண்டுக்கு நேராக இல்லை. இடைவெளி உள்ள இடத்தில் பட்டைக்குப் பின்னால் மெல்லிய பிளாஸ்டிக் சில்லுகளைப் பேக்கிங்காகச் செருகித் திருகாணியை இறுக்கினால் போதும். காந்தத்தால் ஒட்டும் வகையில், காந்தப் பட்டையில் படிந்த சோப்புப் படலத்தைத் துடைத்தாலே பெரும்பாலும் பிடிப்பு மீண்டுவிடும்.

குளியலறைக்குப் புதுக் கொண்டி வாங்குவதாக இருந்தால், வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய வகையையே வாங்குங்கள். உள்ளே யாரேனும் வழுக்கி விழுந்தால், உள்நோக்கித் திறக்கும் கதவைப்போல விழுந்தவர்மேல் இடிக்காமல் ஒதுங்குவது மடக்குக் கதவின் பெரிய நன்மை. உள்பக்கம் மட்டும் போடும் தாழ்ப்பாளை வைத்து அந்த நன்மையைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அலமாரியின் இரட்டை மடிப்பு மரக் கதவு

பழைய வீடுகளில் கீல் இல்லாமல் மேலும் கீழும் குடுமி வைத்துக் குழிக்குள் சுழலும் கதவுகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அமைப்பு எளிதில் புரியும். சுவரோரப் பலகையின் கீழ்மூலையில் ஒரு குடுமி, மேல்மூலையில் வில் வைத்த இன்னொரு குடுமி. கடைகளில் இவற்றைப் பிவட் என்று கேட்க வேண்டும். இரண்டாவது பலகை முதல் பலகையோடு கீல்களால் இணைந்து, மேலே சேனலில் ஓடும் ஒரு சிறு சக்கரத்தால் வழிநடத்தப்படுகிறது.

இந்தக் கதவு தரையில் உரசினால் கீழ்க்குடுமியை உயர்த்த வேண்டும். பலகையின் அடியில் மர ஆப்பு ஒன்றைச் செருகி எடையை அதன்மேல் ஏற்றிவிட்டு, குடுமியின் திருகை ஸ்பேனரால் அரைச் சுற்று திருப்பி, ஆப்பை எடுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னும் அரைச் சுற்று திருப்புங்கள். எடையோடு திருப்பினால் திருகின் புரி தேய்ந்துவிடும். மூடிய நிலையில் பலகைக்கும் நிலைக்கும் இடையிலான சந்து மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால், மேல் சேனலில் உள்ள பிடிப்புத் திருகாணியைத் தளர்த்தி மேல் குடுமியை நிலையை நோக்கி நகர்த்தி இறுக்க வேண்டும். சந்து கீழே அகலமாக இருந்தால் பலகையைச் சற்றுத் தூக்கிக் கீழ்க்குடுமியை அதன் பிடிப்பில் அடுத்த பல்லுக்கு நகர்த்தினால் சரியாகிவிடும். ஒரு நேரத்தில் ஒரு குடுமியை மட்டுமே தொடுங்கள். இரண்டையும் சேர்த்து நகர்த்தினால் தொடங்கிய இடம் எது என்பதே மறந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் இறுகும் மரக் கதவுக்கு இந்தத் திருத்தங்கள் தேவையில்லை. மரம் ஈரத்தை உறிஞ்சி இழைக்குக் குறுக்காக, அதாவது அகலவாக்கில் உப்புகிறது. நீளவாக்கில் மாற்றம் மிகச் சிறிது. மழைக்காலத்திலேயே இழைப்புளியை எடுத்து ஓரத்தைச் சீவிவிட்டால், கோடையில் மரம் சுருங்கியதும் சந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். தை பிறக்கும் வரை பொறுத்திருந்து, உலர்ந்த பிறகும் உரசினால் மட்டும் சீவி, சீவிய ஓரத்துக்கும், தச்சர்கள் வழக்கமாகப் பூசாமல் விட்டுவிடும் மேல், கீழ் விளிம்புகளுக்கும் வார்னிஷோ பெயின்டோ பூசிவிடுங்கள். ஈரம் உள்ளே போகும் வழி பெரும்பாலும் அந்தப் பூசாத விளிம்புகள்தான். மரத்தூள் பலகையால் செய்த கதவு தண்ணீர் பட்டு உப்பியிருந்தால் அது காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. அதில் செலவழிக்கும் நேரம் வீண்.

பால்கனியின் அலுமினியக் கண்ணாடிக் கதவு

இதில் வீட்டுக்காரர் செய்யக்கூடிய வேலை தரைச் சேனலைச் சுத்தமாக வைத்துக்கொள்வது மட்டுமே. சேனலின் வெளிப்புறத்தில் மழைத்தண்ணீர் வடிவதற்குச் சிறு துளைகள் இருக்கும். மணலும் இலைத்துகளும் அவற்றை அடைத்துக்கொண்டால் தண்ணீர் கூடத்துக்குள் வரும். துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி அந்தத் துளைகளைக் குத்திவிட்டு, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி வடிகிறதா என்று பாருங்கள். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்று படிவதால் மாதம் ஒருமுறையேனும் நல்ல தண்ணீரால் சட்டங்களைத் துடைக்க வேண்டும். கண்ணாடிப் பலகைகளைக் கழற்றுவதும் கீல்களைத் தளர்த்துவதும் பழகியவர்களின் வேலை. கடினமாக்கப்பட்ட கண்ணாடியின் விளிம்பில் ஒரு சிறு அடி பட்டாலும் முழுப் பலகையும் உதிர்ந்துவிடும்.

வாசலின் இரும்பு மடக்கு கேட்

கொலாப்சிபிள் கேட் என்று எல்லோரும் அழைக்கும் இதைக் கதவுக் கணக்கில் பலர் சேர்ப்பதில்லை, ஆனால் வீட்டில் மிகுதியாகச் சத்தம் போடும் மடக்குக் கதவு இதுதான். நிற்கும் இரும்புச் சட்டங்களைக் குறுக்குப் பட்டைகள் கத்தரிக்கோல் போல இணைக்க, ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு ரிவெட் இருக்கும். கேட் இறுகுவது பெரும்பாலும் இரண்டே இடங்களால்: தரைத் தண்டவாளத்தில் சேர்ந்த மண்ணும் கோலமாவும், ரிவெட்டுகளுக்குள் காய்ந்துபோன பெயின்டும்.

தண்டவாளத்தின் இருபுறமும் உள்ள குழியைப் பழைய கத்தியால் சுரண்டி, கம்பித் தூரிகையால் துரு நீக்குங்கள். தரையைக் கழுவும்போது அந்தக் குழியில் தண்ணீர் தேங்கினால் உருளைகள் அரிக்கப்படும் என்பதால் கழுவிய பின் துணியால் ஒற்றிவிடுவது நல்லது. துருவால் இறுகிய ரிவெட்டுகளில் துரு தளர்த்தும் எண்ணெயை அடித்துச் சில மணி நேரம் ஊறவிட்டு, கேட்டைச் சிறிது சிறிதாக முன்னும் பின்னும் ஆட்டி விடுவிக்க வேண்டும்; வேகமாக இழுத்தால் குறுக்குப் பட்டை வளைந்துவிடும், வளைந்த பட்டை பிறகு எந்த எண்ணெய்க்கும் இணங்காது. இங்கே பழைய இயந்திர எண்ணெயோ தையல் இயந்திர எண்ணெயோ ரிவெட்டுக்கு ஒரு துளி வீதம் போடலாம். மூடிய சந்திப்பு என்பதால் சேனலில் வரும் தூசிச் சிக்கல் இங்கே அவ்வளவு இல்லை.

ஓர் உருளை மட்டும் சுழலாமல் தண்டவாளத்தின்மேல் கீறிக்கொண்டு வந்தால், அந்த இடத்தில் தண்டவாளத்தில் பளபளப்பான கோடு விழுந்திருக்கும். உருளையை மாற்ற அதன் ஊசியை வெட்டிப் புதிதாகப் பற்றவைக்க வேண்டியிருக்கும் என்பதால் வெல்டிங் பட்டறையின் உதவி தேவைப்படும். அவர்கள் வரும்போது மற்ற உருளைகளையும் பார்க்கச் சொல்லிவிடுங்கள். பெயின்ட் அடிக்கும் நாளில், பெயின்ட் முழுவதும் காய்வதற்குள் இரண்டு மூன்று முறை கேட்டை மடித்து விரித்து, ரிவெட்டுகளில் தேங்கிய பெயின்டைத் துணியால் துடைத்து எடுத்துவிட வேண்டும். பெயின்டர் கிளம்பும் அவசரத்தில் அதைச் செய்ய மாட்டார், நாமே நின்று செய்துகொள்ள வேண்டியதுதான்.